புரொஜெக்டர் படத்தில் கறுப்பு ஏன் சாம்பலாகிறது?

இரவுக் காட்சி. கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் இருட்டில் நிற்கிறார். நம் ஸ்கிரீனிலோ சாம்பல் மூட்டத்தில் ஒரு முகம் மட்டும் மிதக்கிறது. உடனே ரிமோட்டை எடுத்து பிரைட்னஸைக் கூட்டுகிறோம். அங்கேதான் முதல் தவறு. பெரும்பாலான புரொஜெக்டர்களில் அந்தப் பட்டன் தூக்குவது கறுப்பின் அளவை. மூட்டம் இன்னும் கூடும்.

எல்சிடி புரொஜெக்டரில் திரவப் படிகம் விளக்கை அணைப்பதில்லை. இரண்டு போலரைசர்களுக்கு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகளுக்கு) நடுவில் இருந்துகொண்டு, ஒளி அதிரும் திசையை மாற்றுகிறது. கறுப்பு வர வேண்டிய இடத்தில் இரண்டாவது போலரைசர் ஒளியைத் தடுக்கிறது. சாய்வாக வரும் கதிர்கள் முழுதாகத் தடைபடுவதில்லை, கொஞ்சம் கசிகின்றன. நாம் கறுப்பு என்று பார்ப்பது அந்தக் கசிவைத்தான்.

அதனால்தான் 'லூமன் அதிகமுள்ளதை வாங்கினால் சரியாகிவிடும்' என்ற எண்ணம் முழுதாகப் பலிப்பதில்லை. லூமன் என்பது புரொஜெக்டர் தரும் மொத்த ஒளியின் அளவு, லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன். ஒரு கணக்குப் போடுவோம். 4 சதுர மீட்டர் ஸ்கிரீனில் 2000 லூமன் விழுந்தால் வெள்ளை 500 லக்ஸ். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம், 1000:1 என்றால் கறுப்பு 0.5 லக்ஸ். அறை வெளிச்சம் 10 லக்ஸ் ஸ்கிரீனில் சேரட்டும்: 510-ஐ 10.5-ஆல் வகுத்தால் 50-கூட வராது. ஆயிரம் எங்கே, ஐம்பது எங்கே! காசைக் கொட்டி 4000 லூமன் வாங்கினாலும் சுமார் 92 தான். பழைய புரொஜெக்டரையே வைத்துக்கொண்டு அறை வெளிச்சத்தை 1 லக்ஸுக்குக் குறைத்தால் 330-ஐத் தாண்டும். முதலில் வாங்க வேண்டியது கனமான திரைச்சீலை.

அறை விளக்கை அணைத்த பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. ஸ்கிரீனிலிருந்து கிளம்பும் ஒளி வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பட்டு ஸ்கிரீனுக்கே திரும்புகிறது. ஸ்கிரீனை ஒட்டிய ஒரு மீட்டர் கூரைக்கும் பக்கச் சுவர்களுக்கும் பளபளப்பில்லாத அடர்நிறப் பெயின்ட் அடித்துப் பாருங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் லட்சக்கணக்கான கான்ட்ராஸ்ட் எண்ணை நம்பி ஒப்பிடுவதும் தவறு. முழு வெள்ளையைத் தனியாகவும், ஐரிஸை (ஒளி வரும் துளையைச் சுருக்கும் பாகத்தை) மூடியோ விளக்கைக் குறைத்தோ முழுக் கறுப்பைத் தனியாகவும் அளந்த எண் அது. நிலாவும் இருண்ட வானமும் ஒரே ஃபிரேமில் வரும்போது ஐரிஸால் இரண்டையும் காப்பாற்ற முடியாது. 16 கட்டங்களில் கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி வைத்து அளக்கும் ஆன்சி கான்ட்ராஸ்ட் கிடைத்தால் அதைப் பாருங்கள்.

அப்புறம், அதிகம் கவனிக்கப்படாத ஒன்று, பிளேயரையும் புரொஜெக்டரையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளில் போகும் சிக்னலின் அமைப்பு. கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவை பிளேயர் 16 முதல் 235 வரையான எண்களில் அனுப்ப, புரொஜெக்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால், 16 என்ற கறுப்பு சாம்பலாகத் தெரியும். தலைகீழாக இருந்தால் நிழலுக்குள் இருப்பதெல்லாம் காணாமல் போகும். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பை வைத்த பிறகே பிரைட்னஸைத் தொட வேண்டும். அறையை இருட்டாக்கி, படத்தில் வரும் கறுப்புத் துணியின் மடிப்பு மறையும் வரை குறைத்து, லேசாகத் தெரியும் இடத்துக்குத் திரும்பி வாருங்கள். கான்ட்ராஸ்ட் பட்டனுக்கு வெள்ளை வேட்டியின் மடிப்பைப் பாருங்கள்: மறையும் வரை கூட்டி, தெரியும் அளவுக்குக் குறைத்தால் போதும்.

சாதாரண சாம்பல் ஸ்கிரீன் வெள்ளையையும் கறுப்பையும் ஒரே விகிதத்தில் மங்கவைக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியைக் குறைப்பதுதான் அதன் பலன். பக்கவாட்டு வெளிச்சத்தைத் தள்ளிவிடும் ஸ்கிரீன் வேறு வகை, விலையும் வேறு.

லென்ஸில் விரல் ரேகையோ தூசியோ இருந்தால் ஒளி சிதறிக் கறுப்பின் மேல் பரவும். சட்டை நுனியால் துடைக்காமல், புளோயரால் ஊதிவிட்டு மைக்ரோஃபைபர் துணியைப் பயன்படுத்துங்கள். காற்று ஃபில்டரையும் மறக்க வேண்டாம். அது அடைத்தால் உள்ளே சூடேறிப் போலரைசர் பழுதாகும். படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ திட்டு விழும். அந்தத் திட்டை எந்த மெனுவாலும் போக்க முடியாது, பாகத்தைத்தான் மாற்ற வேண்டும்.