ஃபோனை மேலே நிறுத்தி, தாளில் எழுதியே பாட வீடியோ எடுப்பது எப்படி?

பின்னங்களை வகுப்பது பற்றி நான் எடுத்த முதல் வீடியோ 22 நிமிடம் ஓடியது. படம் பளிச்சென்று இருந்தது. பார்த்த மாணவி ஒருத்தி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சார், மூணாவது வரியில என்ன சொன்னீங்க?" திரும்பப் போட்டுக் கேட்டேன். மின்விசிறி இரைச்சலுக்கு அடியில் குரல் எங்கேயோ கிடந்தது. படம் சுமாராக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், ஆனால் பேச்சு புரியவில்லை என்றால் பாடமே இல்லை. அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் ஒலியைப் பற்றித்தான் இருக்கும்.

1. ஃபோனும் வெளிச்சமும்

இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு பலகையை வைத்து, பின்பக்கக் கேமரா மட்டும் விளிம்புக்கு வெளியே எட்டிக் கீழே பார்க்கிற மாதிரி, திரை மேலே இருக்க ஃபோனைப் படுக்க வையுங்கள். அடுக்கை எழுதும் மேசையிலேயே வைக்காதீர்கள், பேனாவை அழுத்தும்போதெல்லாம் படமும் ஆடும். வலது கைக்காரர் என்றால் விளக்கு இடது பக்கம் இருக்கட்டும், கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது.

அப்புறம், திரையில் தாளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் கை உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் படம் ஒருமுறை மங்கித் தெளியும், வெள்ளைத்தாள் சாம்பல் நிறமாகும். பேனா பந்துமுனையாக இருந்தால் கோடு மெலிசாகத் தெரியும். தடித்த ஸ்கெட்ச் பேனாதான் என் தேர்வு.

2. ஒலி

மேலே படுக்க வைத்திருக்கும் ஃபோனின் மைக்கை நம்பாதீர்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். வாய்க்கும் மைக்குக்கும் இடையில் தூரம் கூடக் கூட உங்கள் குரல் இறங்கும், அறையின் இரைச்சலும் எதிரொலியும் அப்படியே நிற்கும். பழைய ஃபோன் ஒன்று இருந்தால் அதில் குரல் பதிவுச் செயலியைத் திறந்து வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் "ப", "ப்ப" வரும்போதெல்லாம் காற்று மோதி 'பொத்' என்று கேட்கும். இயர்ஃபோன் வயரில் இருக்கும் மைக்கும் போதும், ஆனால் அது சட்டையில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த மைக் வாங்குவதற்கு முன்னால் இதை ஒருமுறை செய்து பாருங்கள், பெரும்பாலும் வாங்கத் தேவைப்படாது.

மின்விசிறியை நிறுத்துங்கள், கதவைச் சாத்துங்கள். இரண்டு ஃபோனிலும் பதிவை ஆரம்பித்துவிட்டு ஐந்து நொடி வாயைத் திறக்காமல் இருங்கள். பிறகு கேமராவுக்குத் தெரியும்படி ஒரே ஒரு கைதட்டல். இந்த இரண்டும் பின்னால் உதவும்.

ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் இலவசம், எனக்கு அதுதான் கைக்குப் பழகியது. அந்த ஐந்து நொடி மௌனத்தைத் தேர்ந்தெடுத்து, இரைச்சல் குறைப்பில் போய் இரைச்சலின் மாதிரியை எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதையே செயல்படுத்துங்கள். அளவாக வையுங்கள், அதிகமானால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கும்.

சரி, இப்போது படத்தையும் குரலையும் சேர்க்க வேண்டும். ஒலி அலையில் கைதட்டல் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும், படத்தில் இரண்டு உள்ளங்கையும் தொடுகிற சட்டகத்தை (வீடியோவின் ஒரு தனிப் படம்) அதனோடு பொருத்திவிட்டு, படம் எடுத்த ஃபோனின் சொந்த ஒலியை நீக்கிவிடுங்கள். நான் தடுக்கி விழுந்தது இதற்கு அப்புறம்தான். ஆரம்பத்தில் கச்சிதமாகப் பொருந்தியது, போகப் போக விலகி, கடைசியில் நான் "பெருக்கு" என்று சொல்லும்போது பேனா அதற்கு முன்பே பெருக்கல் குறியைப் போட்டு முடித்திருந்தது. மூன்று நாள் ஒலிப்பதிவையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் படத்தில் இருந்தது: பல ஃபோன்கள் நொடிக்கு இத்தனை சட்டகம் என்று சீராக எடுப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையும் குறையும். எடிட்டிங் மென்பொருள் சில அதைச் சீரானது என்றே எடுத்துக்கொள்ளும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைத் திறந்து, சட்டக வீதம் 30, மாறாதது என்று தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகே எடிட்டிங்குக்குக் கொண்டுபோங்கள்.

3. எவ்வளவு நேரம், எதை எழுதுவது

2014இல் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. கையால் எழுதிக்கொண்டே விளக்கியவை ஸ்லைடுகளை விட அதிகம் ஈர்த்தன என்பதும் அதில் இருக்கிறது. என் 22 நிமிடத்தை நான்காக உடைத்தேன். முதல் துண்டில் ஒரே கேள்வி: முக்கால் பங்கு தாளில் எத்தனை கால் பங்கு இருக்கிறது? தாளை மடித்து, பிரித்து, மூன்று கட்டத்துக்கு வண்ணம் தீட்டி ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினேன். கை அசைவதைப் பார்ப்பதற்குத்தானே வீடியோ?

பேசுவதை அப்படியே திரையிலும் எழுத்தாகப் போடாதீர்கள். பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர் இதைத் தனி விதியாகவே சொல்கிறார்: வாசிக்கவும் படத்தைப் பார்க்கவும் கண் ஒன்றுதான். ஆனால் காது கேளாத பிள்ளைகளுக்கும், பாடமொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் வசனவரி (சப்டைட்டில்) கட்டாயம் வேண்டும். அதைப் படத்தோடு ஒட்டிவிடாமல், வேண்டியவர் போட்டுக்கொள்ளும்படி தனிக் கோப்பாகக் கொடுங்கள்.

ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு கணக்கை எழுதிவிட்டு, "நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள்" என்று சொல்லி அமைதியாக இருங்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

சேர்ப்பு: வீடியோ தலைகீழாக வருகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். எந்தப் பக்கம் மேலே என்பதை ஃபோன் புவியீர்ப்பை வைத்துக் கண்டுபிடிக்கிறது, தட்டையாகப் படுக்க வைத்ததும் அதற்குத் திசை தெரியாது. ஃபோனைப் படுக்கைவாட்டில் நிமிர்த்திப் பிடித்தபடியே பதிவை ஆரம்பித்து, பிறகு பலகையில் வையுங்கள். பெரும்பாலான ஃபோன்களில் பதிவு தொடங்கிய திசையே கடைசி வரை நிற்கும். அப்படி நிற்காவிட்டால் எடிட்டிங்கில் 180 பாகை திருப்பிக்கொள்ளலாம், தரம் குறையாது.