கொழும்பு மழையைச் செய்மதிப் படத்தில் பிழையில்லாமல் பார்க்க

ஒக்ரோபர், நவம்பர் இடைப்பருவத்தில் பின்னேர இடிமழை வெள்ளவத்தைப் பக்கம் வருமா என்று பார்ப்பதற்கு முன், திறந்திருப்பது எந்தச் செய்மதியின் படம் என்று பாருங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு படம் வருவதால் ஜப்பானின் ஹிமவாரி-9 வசதியானது. ஆனால் அது நிற்பது கிழக்கு நெடுங்கோடு 140.7 பாகையில், கொழும்பிலிருந்து கிழக்கு அடிவானத்துக்கு மேல் 21 பாகைதான். அந்தச் சாய்வினால் 15 கிலோமீற்றர் உயர முகிலின் உச்சி, படத்தில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் மேற்கே தள்ளித் தெரியும். கிழக்கே அவிசாவளையில் நிற்கிற முகில் கொழும்புக் கோட்டைக்கு மேல் நிற்பதுபோல இருக்கும். உண்மையில் கோட்டைக்கு மேல் நிற்பதோ கடலுக்குப் போய்விட்டதுபோல இருக்கும். அதை நம்பிக் கொடியில் உடுப்பை விட்டால் நனையும்.

ஆகவே முகில் நிற்கும் இடத்தைக் கிழக்கு நெடுங்கோடு 82 பாகையில் நிற்கும் இந்தியாவின் இன்சற்-3டிஎஸ் செய்மதிப் படத்தில் பாருங்கள். இந்திய விண்வெளி நிறுவனத்தின் மொஸ்டாக் (MOSDAC) இணையத்தளத்தில் கிடைக்கும். அது ஏறக்குறைய நம் தலைக்கு நேரே நிற்பதால் விலகல் 2 கிலோமீற்றர் அளவுதான். அரை மணிக்கு ஒரு படம் என்பது குறை. முகில் வளரும் வேகத்துக்கு ஹிமவாரி, இடத்துக்கு இன்சற் என்று இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

படத்திலுள்ள நேரம் யூ.ரி.சி. (UTC) எனும் உலகப் பொது நேரம். அதோடு 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள்: 0900 என்றால் நமக்குப் பி.ப. 2.30.

காலையில் கட்புல ஒளிப் படம் போதும். கடற்காற்று உள்ளே நுழைந்ததும் கரையோரம் தெளிந்து, உள்நாட்டில் முகில் வரிசை எழும். மதியத்துக்குப் பிறகு, முகில் உச்சியின் வெப்பநிலையைக் காட்டும் அகச்சிவப்புப் படத்துக்கு மாறுங்கள். உச்சி வெப்பநிலை மறை 60 பாகை செல்சியசுக்குக் கீழே, ஓரம் கூர்மை, அடுத்தடுத்த படங்களில் பரப்பு விரிகிறது: இம்மூன்றும் சேர்ந்தால் இடிமுகில். குளிர் மட்டும் போதாது. மழை ஓய்ந்த பிறகும் மேலே பரவிய மெல்லிய பனிமுகில் மணிக்கணக்கில் குளிராகவே தெரியும். அதன் ஓரம் நூல் பிரிந்ததுபோல இருக்கும்.

மே முதல் செப்ரெம்பர் வரை இந்த அளவுகோலை விட்டுவிடுங்கள். தென்மேல் பருவத்தில் தாழ்ந்த, சூடான உச்சியுள்ள முகிலே நன்றாகப் பெய்யும். அகச்சிவப்பில் அது சாம்பல் நிறமாகக் கடலோடு கலந்து நிற்கும்.