கார் பாகம் பழுதாகி அடிபட்டதா? வழக்குக்கு முன் இதைச் செய்யுங்கள்

உடைந்த பாகத்தை முதலில் கைப்பற்றுங்கள். மெக்கானிக் புதியதை மாட்டிவிட்டுப் பழையதை இரும்புக்கடைக்குப் போட்டுவிடுவார், இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியையே எடுத்துப் போய்விடுவார்கள், அப்புறம் குறை அதில்தான் இருந்தது என்று நிரூபிக்கக் கையில் ஒன்றுமே இருக்காது. போட்டோ, பில், மருத்துவச் சீட்டு எல்லாம் பத்திரம்.

சேசிஸ் எண்ணை வைத்து ரீகால் அறிவிப்பு (குறையுள்ள வண்டிகளைச் சரிசெய்து தரக் கம்பெனி திரும்ப அழைப்பது) இருக்கிறதா பாருங்கள். இலவசமாக மாற்றித் தருவது வண்டிக்கு. உங்கள் காயத்துக்கான இழப்பீடு பெரும்பாலும் தனி விஷயம்.

யார் மீது வழக்கு? கார் கம்பெனி, பாகம் செய்தவர், விற்றவர் என்று பல நாடுகளில் மூவரையும் சேர்க்கலாம், சேர்ப்பதே நல்லது, ஒருவரிடம் பணம் இல்லாவிட்டால் மற்றவரிடம் கேட்கலாம்: குறையுள்ள ஏர்பேக் செய்த டகாட்டா கம்பெனி 2017-ல் திவால் மனுவே கொடுத்துவிட்டது.

வழக்குப் போடக் காலக்கெடு உண்டு, சீக்கிரம் வக்கீலைப் பாருங்கள். அதுவரை 'முழுத் தீர்வு' (இனி எதுவும் கேட்க மாட்டேன்) என்று நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.