புல்தரையின் கார்பன்-டை-ஆக்சைடை அளக்க ஒரு தானியங்கி சேம்பர்

செடியை ஒரு பெட்டியால் (அதுதான் சேம்பர்) மூடினால் உள்ளே கார்பன்-டை-ஆக்சைடு ஏறும் அல்லது இறங்கும். அந்த வேகம்தான் நமக்கு வேண்டும். ஆர்டுயினோவும் சோல்டரிங்கும் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது.

தேவை: 30 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. உயரமும் உள்ள அக்ரிலிக் உருளை, கீல் வைத்த அக்ரிலிக் மூடி, உருளை உட்காரும் பிவிசி வளையம், எஸ்சிடி30 என்ற கார்பன்-டை-ஆக்சைடு சென்சார், சின்ன ஃபேன், மூடியை அசைக்க எம்ஜி996ஆர் சர்வோ மோட்டார், டிஎஸ்3231 கடிகாரம், எஸ்டி கார்டு. மலிவு என்று எம்க்யூ135 வாயு சென்சாரை வாங்காதீர்கள். அம்மோனியா, ஆல்கஹால், ஈரப்பதம் எல்லாவற்றுக்கும் அது ஆடும்.

1. வளையத்தை ஒரு நாள் முன்பே 5 செ.மீ. மண்ணில் இறக்குங்கள். கிளறிய மண் அன்று கூடுதலாக வாயு விடும்.

2. மூடி விளிம்பில் ஃபோம் ரப்பர் ஒட்டுங்கள். பக்கவாட்டில் மெல்லிய குழாய் ஒன்று விடுங்கள்; இல்லாவிட்டால் மூடும்போது அழுத்தம் ஏறி மண்வாயுவைக் கலைக்கும்.

3. சர்வோவுக்குத் தனி மின்சாரம் கொடுங்கள், கிரவுண்டு மட்டும் பொதுவாக இருக்கட்டும். ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுத்தால் மூடி அசையும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகும்.

4. பலரும் தவறவிடும் இடம் இது: சென்சாரின் ஏஎஸ்சி என்ற தானியங்கித் திருத்தத்தை நிறுத்துங்கள். சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை அது வெளிக்காற்றின் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று எடுத்துக்கொள்ளும். வெயிலில் மூடிய சேம்பருக்குள் புல் 350 வரை இழுத்துவிட்டால், அந்த 350-ஐயே 400 ஆக்கிவிடும். அளவு மாறும் வேகம், அதாவது சாய்வுதானே வேண்டும், நிலையான பிழை கழிந்துபோகுமே என்கிறீர்களா? கழியும்தான். ஆனால் திறந்தபின் அளவு வெளிக்காற்றுக்குத் திரும்புகிறதா என்று பார்த்துத்தான் மூடி சிக்கியதைக் கண்டுபிடிக்கிறோம். அடிப்படை அளவே நகர்ந்தால் அந்தச் சோதனை போயிற்று.

5. அரை மணிக்கு ஒருமுறை 4 நிமிடம் மூடி, 2 விநாடிக்கு ஒரு அளவு பதியுங்கள். சென்சார் மாற்றத்தில் 63 சதவீதத்தை எட்டவே சுமார் 20 விநாடி ஆகும். அதனால் முதல் 40 விநாடியைத் தள்ளி, அடுத்த 2 நிமிடத்துக்கு நேர்கோடு பொருத்துங்கள். கோடு வளைந்தால் முதலில் கசிவைத் தேடுங்கள்.

6. கணக்கு: சாய்வு × (கனஅளவு ÷ பரப்பு) × காற்றின் மோல் அடர்த்தி. நம் உருளையில் கனஅளவு ÷ பரப்பு 0.3 மீட்டர். 30 டிகிரியில் மோல் அடர்த்தி கனமீட்டருக்கு சுமார் 40 மோல். விநாடிக்கு 0.2 பிபிஎம் ஏறினால், சதுர மீட்டருக்கு விநாடிக்கு 2.4 மைக்ரோமோல்.

கறுப்புத் துணி போர்த்தி அளந்தால் சுவாசம் மட்டும். துணியில்லாமல் வருவது நிகர அளவு. இரண்டின் வித்தியாசம் ஒளிச்சேர்க்கை.

பின்சேர்ப்பு: எஸ்சிடி30 காட்டும் வெப்பநிலையைக் கணக்கில் போடாதீர்கள். தன் சூட்டால் அது கூடுதலாகக் காட்டும். டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் ஒன்றை நிழலில் தொங்கவிடுங்கள். விடியலில் மூடியின் உட்புறம் நீர் கோத்தால் சென்சார் மேல் சொட்டும், எனவே அதைப் பக்கச்சுவரில் பொருத்துங்கள்.