பள்ளிக்கு மிரட்டல் வந்தால் செய்யக் கூடாதவை

பள்ளியில் வெடிகுண்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும், அரை மணி நேரத்தில் பள்ளி வாசல் நிரம்பிவிடும். 2024 பிப்ரவரி 8 அன்று பாரிமுனை, அண்ணா நகர், கோபாலபுரம் எனச் சென்னையின் பல பகுதிகளில் தனியார் பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் மிரட்டல் வந்தபோது அதுதான் நடந்தது. சோதனையில் எதுவும் சிக்கவில்லை. பெற்றோரின் பதற்றத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வடசென்னையில் மண்ணடி, ராயபுரம், கொருக்குப்பேட்டை பக்கம் பள்ளித் தெருக்களின் அகலம் நமக்கே தெரியும். வாசலில் வண்டிகளை நிறுத்திவிட்டால் வெடிகுண்டு நிபுணர்களும் மோப்ப நாயும் வரும் வண்டி எப்படி நுழையும்? பள்ளி எங்கே வரச் சொல்கிறதோ அங்கே போய் நில்லுங்கள். பிள்ளையைக் கூட்டிப் போகும்போது வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் கூட்டிப் போனால் தலை எண்ணும்போது ஒன்று குறையும். அந்த ஒரு பிள்ளையைத் தேடி ஆசிரியர் மறுபடி கட்டடத்துக்குள் போவார்.

பள்ளி அலுவலகத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு மூல மெயிலை அழித்துவிடுவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று சைபர் கிரைம் போலீஸ் தேடத் தொடங்குவதே அந்த மூல மெயிலில் இருந்துதான். அழிக்காதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். யாருடையது என்று தெரியாத பையை வாட்ச்மேனை விட்டுத் திறக்கச் சொல்லாதீர்கள். "எப்பவும் புரளிதானே" என்று வகுப்பைத் தொடரவும் வேண்டாம். புரளியா இல்லையா என்று சொல்ல வேண்டியவர்கள் சோதனை செய்கிறவர்கள். அனுப்பியவர் எங்கோ இருக்கும் ஆள் என்றும் முடிவு கட்ட முடியாது. 2025 ஜனவரியில், பல பள்ளிகளுக்கு இப்படி மெயில் அனுப்பியதாக டெல்லி போலீஸ் பிடித்தது ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை. பரீட்சையைத் தவிர்க்கவே அப்படிச் செய்தான் என்று போலீஸ் சொன்னது.

எனக்கு அதிகம் கவலை தருவது டிவியில் வராத மிரட்டல். "வெளிய வா, செஞ்சிடுறேன்" என்று இடைவேளையில் ஒருவன் சொல்வது. பையில் "பொருள்", அதாவது கத்தி, வைத்திருக்கிறான் என்று பக்கத்து பெஞ்சு பையன் கிசுகிசுப்பது. கத்தியோடு போட்ட இன்ஸ்டா ஸ்டேட்டஸ். மெயிலுக்கு ஒரு ஸ்டேஷனே ஓடி வருகிறது. இதற்குப் பெரும்பாலும் ஒரு அதட்டலோடு சரி. ஆனால் ரத்தம் சிந்தியது இந்த வகையில்தான். 2012 பிப்ரவரி 9 அன்று பாரிமுனை அருகே ஆர்மேனியன் தெருவில் ஒரு பள்ளியின் வகுப்பறையிலேயே ஆசிரியை ஒருவரை ஒன்பதாம் வகுப்பு மாணவன் குத்திக் கொன்றான். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை வகுப்பில் அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம்.

இதில் மிகப் பெரிய தவறு, புகார் வந்ததும் இரண்டு பையன்களையும் ஹெட்மாஸ்டர் அறையில் எதிரெதிரே நிறுத்தி, "கை குடு, இதோட முடிஞ்சுது" என்று அனுப்புவது. அறையில் முடிந்ததாகத் தெரிவது பஸ் ஸ்டாப்பில் தொடங்கும். நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில், சாதியைச் சொல்லித் துன்புறுத்துகிறார்கள் என்று ஒரு மாணவன் பள்ளியில் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. புகாரை வாங்கிய நேரத்துக்கும் அந்தப் பிள்ளை தூங்கப் போகும் நேரத்துக்கும் நடுவில் அவனுக்கு யார் துணை? பள்ளி முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான். யார் சொன்னது என்பதை வெளியே விடாதீர்கள். இருவரையும் தனித்தனியாக, வேறு வேறு நேரத்தில் பேசவையுங்கள். மிரட்டப்பட்டவனின் வீட்டுக்கு அன்றே போன் போட்டு, அப்பாவோ மாமாவோ வந்து கூட்டிப் போகும்வரை உட்காரவையுங்கள். மிரட்டியவன் வீட்டிலும் அன்றே பேசுங்கள், கத்தாமல்.

"போலீஸுக்குப் போனால் பையன் வாழ்க்கையே போயிடும்" என்று பெற்றோரும், "பள்ளி பேர் கெட்டுடும்" என்று நிர்வாகமும் மூடிவைப்பது அடுத்த தவறு. சட்டம் இவர்கள் பயப்படும் அளவுக்குக் கடுமையானது இல்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்தான் பொருந்தும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகளுக்கென ஒரு போலீஸ் அதிகாரி இருக்க வேண்டும். கொடிய குற்றம் இல்லை என்றால், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததும் இல்லை என்றால், எஃப்ஐஆர் போடாமல் ஸ்டேஷன் நாட்குறிப்பில் பதிவதே விதி. லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு போடக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். சென்னையில் அது கெல்லீஸில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால், பயந்து ஒதுங்காமல் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று விலாசம் பார்த்துப் பையைச் சோதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சோதித்தால் எல்லோரையும் சோதியுங்கள். ஏரியாவைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்ட பையன், பக்கத்தில் யாராவது கத்தி வைத்திருந்தாலும் அடுத்த முறை வாய் திறக்க மாட்டான். டிசி கொடுத்துக் கை கழுவுவதும் அப்படித்தான். எட்டாம் வகுப்பு வரை பள்ளியை விட்டு நீக்கவே கட்டாயக் கல்விச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதற்கு மேல் என்றாலும், நீக்கப்பட்டவனுக்குப் பள்ளி விடும் நேரம் மனப்பாடம். அவனைக் கவனிக்கத்தான் இனி ஆள் இருக்காது.

அப்புறம் மிரட்டல் வீடியோ. மிரட்டிய பையனின் முகமும் பேரும் பள்ளியும் தெரியும்படி குரூப்பில் பகிர்வது, "எச்சரிக்கைக்காக" என்று போட்டாலும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களுக்கு வந்தால் பள்ளியிடமும் போலீஸிடமும் மட்டும் கொடுங்கள். கத்தியோடு ஒருவன் கண்ணெதிரே நிற்கிறான் என்றால் உடனே 112. பள்ளி காது கொடுக்கவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைக்கு உதவி வேண்டும் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. இந்த இரண்டுக்கும் பிள்ளைகளே போன் போடலாம். அதை அவர்களிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.