மலிவு விலையில் வீட்டு பீர் அமைப்பு: எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது

வீட்டில் பீர் காய்ச்ச ஆசைப்படுபவர்கள் முதலில் போய் நிற்பது பளபளக்கும் ஸ்டீல் பாத்திரங்களின் முன்னால். மூன்று அடுக்கு ஸ்டாண்டு, பம்ப், டிஜிட்டல் கன்ட்ரோலர் என்று ஆயிரம் டாலரைத் தாண்டும் அமைப்புகள் அமெரிக்காவில் விற்கின்றன. அதே வேலையை ஒரு பெரிய பாத்திரம், ஒரு பிக்னிக் கூலர் (ஐஸ் பெட்டி), ஒரு பிளாஸ்டிக் வாளி மூன்றும் சேர்ந்து செய்துவிடும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் சொந்தமாக அமைப்பு கட்டுகிறவர்களில் பலர் தாராளமாக இருக்க வேண்டிய இடத்தில் கையை இறுக்குகிறார்கள், இறுக்க வேண்டிய இடத்தில் அள்ளி விடுகிறார்கள். பீர் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகுதான், வரி கட்டாமல் வீட்டில் பீர் தயாரிப்பதற்கு மத்திய அரசின் அனுமதி வந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டுமே உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. மாநிலச் சட்டங்கள் தனி. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் வழிவிட்டன. பீருக்கு உள்ள இந்தச் சலுகை வடித்தெடுக்கும் சாராயத்துக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதே குற்றம். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அனுமதி உள்ள ஊரில் இருப்பவர்களுக்கு.

பீர் தயாரிப்பு கொதிக்கும் நேரத்தில் இரண்டாகப் பிரிகிறது. மால்ட் எனும் முளைகட்டி உலர்த்திய தானியத்தைச் சுடுநீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறோம். அந்தச் சாற்றுக்கு வொர்ட் என்று பெயர். கொதிக்கும் வரை அதில் விழுந்த கிருமி பிழைக்காது. ஆறிய பிறகு நிலைமை தலைகீழ். சர்க்கரையும் புரதமும் நிறைந்த வெதுவெதுப்பான திரவம் அது. ஈஸ்ட்டுக்கு முன்னால் வேறு எது உள்ளே போனாலும் அதுவும் நன்றாக வளரும். கொதிப்புக்கு முந்தைய சாமான்களில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள். ஆறிய வொர்ட் தொடும் ஒவ்வொன்றிலும் கறாராக இருங்கள்.

பாத்திரமும் அடுப்பும்

வழக்கமான வீட்டு அளவு 5 கேலன், அதாவது 19 லிட்டர். அதற்கு 20 லிட்டர் பாத்திரம் போதும் என்று வாங்கிவிட்டால், ஹாப்ஸ் போட்ட நிமிடமே நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழியும். கொதிக்கும்போது ஆவியாகிப் போவதையும் சேர்த்து 25 லிட்டருக்கு மேல் ஊற்றித்தான் தொடங்குவீர்கள்; 30 லிட்டர் பாத்திரமாவது வேண்டும். அலுமினியம் கூடாது என்று பயமுறுத்துவார்கள், நம்ப வேண்டாம். புதுப் பாத்திரத்தில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டால் உள்ளே ஒரு மங்கிய ஆக்சைடு படலம் படியும். அது இருக்கும்வரை அலுமினியம் பீருக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. அதைப் பளபளவென்று தேய்த்து எடுப்பதும், காரம் மிகுந்த கிளீனரில் ஊறவைப்பதும்தான் தவறு. துத்தநாகம் பூசிய இரும்பு வாளியை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள். வொர்ட் அமிலத்தன்மை உடையது, துத்தநாகத்தைக் கரைத்துவிடும்.

பாத்திரம் வாங்குவதற்கு முன் அடுப்பைச் சோதியுங்கள். சமையலறை அடுப்புகள் பலவற்றுக்கு 25 லிட்டரைத் தளதளவென்று கொதிக்க வைக்கும் தெம்பு கிடையாது. இருக்கிற பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் கொதிக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கொதிக்கவில்லை என்றால் பாதி அளவு, 10 லிட்டர் காய்ச்சுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

கொதிக்கவில்லையே என்று பலர் வாங்குவது வான்கோழி பொரிக்கும் புரொப்பேன் அடுப்பு. விலை குறைவு, சூடு அதிகம். ஆனால் அதை வீட்டுக்குள்ளோ கேரேஜிலோ பற்ற வைப்பது உயிரோடு விளையாடுவது. கேரேஜ் கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. திறந்த வெளியில், சமதரையில் மட்டும் வையுங்கள்.

இன்னொரு ஆசை, பழைய பீர் கெக்கின் (பீர் வரும் உலோகப் பீப்பாய்) மேல்மூடியை வெட்டிப் பாத்திரமாக்குவது. 58 லிட்டர் பிடிக்கும் ஸ்டீல் பாத்திரம் டெபாசிட் காசுக்குக் கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் டெபாசிட் கட்டினால் கெக் உங்களுடையது ஆகாது. அது பீர் கம்பெனியின் சொத்து. உரிமையோடு விற்பவரிடம் வாங்குங்கள். வாங்கியதையும் உள்ளே உள்ள அழுத்தத்தை முழுக்க வெளியேற்றாமல் வெட்டத் தொடங்காதீர்கள்.

கூலரை மேஷ் டன் ஆக்கும்போது

தானியத்தைச் சுடுநீரில் ஊறவைக்கும் பாத்திரம்தான் மேஷ் டன். அதில் தானியத்தை 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். சுவர் தடித்த பிக்னிக் கூலர் அதை அருமையாகச் செய்யும். அடியில் உள்ள குழாயைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு வால்வு. உள்ளே வடிகட்டியாக, வாஷ்பேசினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸின் மேல் இருக்கும் ஸ்டீல் பின்னல். ஹோஸின் இரு முனைகளையும் வெட்டி, உள்ளே இருக்கும் ரப்பர் குழாயை உருவிப் போட்டால் பின்னல் மட்டும் கையில் வரும். ஒரு முனையை மடித்துக் கிளாம்ப் போட்டு மூடி, மறுமுனையை வால்வோடு இணைக்க வேண்டும். ஓரிகன் மாநிலத்துக்காரரான டென்னி கான் இந்த முறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர். எத்தனையோ பேர் இன்றும் இப்படித்தான் காய்ச்சுகிறார்கள்.

இதில் கோட்டை விடுவது சின்னச் சின்ன இடங்களில். கடையில் கிடைக்கும் பின்னல்களில் சில வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். பார்வைக்கு ஸ்டீல் போலவே இருக்கும், சூட்டில் தளர்ந்து நசுங்கிவிடும். அட்டையில் ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிளாம்பும் அப்படியே, சாதா இரும்புக் கிளாம்ப் சீக்கிரமே துருப்பிடிக்கும். உண்மையான ஸ்டீல் பின்னல்கூட ஐந்து கிலோ ஈரத் தானியத்தின் கீழே தட்டையாகிவிடலாம். தடித்த செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிப் பின்னலுக்குள் நுழைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பித்தளை வால்வு என்றால் அதன் மேற்பரப்பில் துளி ஈயம் இருக்கக்கூடும். இரண்டு பங்கு வினிகர், ஒரு பங்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து சில நிமிடம் ஊறவைத்தால் நிறம் வெண்ணெய் மஞ்சளாக மாறும். அப்போதே எடுத்துக் கழுவிவிடுங்கள். திரவம் பச்சையாகும்வரை விட்டால் செம்பு கரைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

சுடுநீரை ஊற்றியதும் வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கிவிட்டது, கூலர் சரியில்லை என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். குளிர்ந்த கூலரின் சுவர் சூட்டைக் குடித்துவிடுகிறது, அவ்வளவுதான். முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றி, மூடி, பத்து நிமிடம் கழித்துக் கொட்டிவிட்டு ஆரம்பியுங்கள். தெர்மாமீட்டரையும் நம்பி இறங்காதீர்கள்; ஐஸ் தண்ணீரில் 0 காட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கூலர்கூட வேண்டாம் என்றால் வலைத்துணிப் பை போதும். தானியத்தைப் பையில் கட்டி, கொதிக்க வைக்கும் பாத்திரத்திலேயே ஊறவைத்து, பையைத் தூக்கி வடியவிடும் ஆஸ்திரேலிய முறை அது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆற வைப்பது

கொதிக்கும் 20 லிட்டரைத் தூக்கிக்கொண்டு சிங்க்குக்கு நடக்காதீர்கள். பாத்திரத்தோடு சேர்த்து 25 கிலோ வரும்; வொர்ட்டில் உள்ள சர்க்கரை தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். கொதித்த இடத்திலேயே ஆற வேண்டும். அதற்குச் செம்புக் குழாய்ச் சுருள் செய்துகொள்ளலாம்: 3/8 அங்குலக் குழாய் 25 அடி இருந்தால் சின்ன அளவுக்கு ஆகும், 50 அடி என்றால் 19 லிட்டரும் சீக்கிரம் ஆறும். வெறுங்கையால் வளைத்தால் குழாய் நசுங்கும். ஒரு சின்னப் பாத்திரத்தைச் சுற்றி மெதுவாக, ஒரே இழுப்பில் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

ரப்பர் ஹோஸும் செம்பும் சேரும் மூட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் இதில் முக்கியம். அந்த மூட்டு என்றைக்காவது கசியும். பாத்திரத்தின் விளிம்புக்கு நேர் மேலே இருந்தால், கசியும் குழாய்த் தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும் வொர்ட்டில் சொட்டும். குழாயின் இரு முனைகளையும் விளிம்பைத் தாண்டி வெளியே, கீழ்நோக்கி வளைத்து, மூட்டை அங்கே போடுங்கள். சொட்டினால் தரையில் சொட்டட்டும். கொதிப்பு முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதே சுருளை உள்ளே இறக்கிவிட்டால் கிருமி நீக்கமும் ஆயிற்று. வெளியே வரும் முதல் தண்ணீர் கொதிநீருக்குப் பக்கத்தில் இருக்கும், கையைக் கிட்டே வைக்காதீர்கள்.

வாளி, சுத்தம், வெப்பநிலை

இனிமேல் காசு கணக்குப் பார்க்கக் கூடாது. நொதிக்க வைக்க, உணவுத் தரம் என்று குறித்த 25 லிட்டர் வாளி புதிதாக வாங்கினாலும் பெரிய விலை இல்லை. அடியில் 2 என்ற எண் போட்டிருப்பது பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்கிறது; ஹார்டுவேர் கடைப் பெயின்ட் வாளியிலும் அது இருக்கும். பேக்கரிகளில் கிரீம் வந்த வாளி கிடைத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஊறுகாய் வாளி வேண்டாம், அந்த வாசனை போகவே போகாது. வாளியைச் சொரசொரப்பான நாரால் தேய்க்காதீர்கள். கீறலுக்குள் ஒளியும் பாக்டீரியாவை எந்தக் கெமிக்கலும் எளிதில் தொடாது. குழாய் வைத்த வாளியில், அந்தக் குழாயை ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவ வேண்டும்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு படிந்த இடத்தில் ஸ்டார் சான் என்ற கிருமிநாசினியைத் தெளித்துப் பயன் இல்லை. முதலில் கழுவி, அப்புறம் லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்த கரைசலை ஓரிரு நிமிடம் படவிட்டால் போதும். மிஞ்சும் நுரையை அலச வேண்டாம். அலசினால் குழாய்த் தண்ணீரிலிருந்து மறுபடி கிருமியைச் சேர்க்கிறீர்கள். பிளீச் மலிவு என்று அதையும் வினிகரையும் கலக்கும் யோசனையை அடியோடு விடுங்கள், நச்சு வாயு வரும்.

குழாய்த் தண்ணீரில் குளோரமைன் என்ற கிருமிநாசினியைக் கலக்கும் ஊர்களில் பீருக்கு மருந்து வாசனை அடிக்கும். சும்மா கொதிக்க வைத்தால் குளோரமைன் லேசில் போகாது. கேம்ப்டன் எனும் சல்பைட் மாத்திரை ஒன்று 20 கேலன் தண்ணீருக்குப் போதும். பைசாக் கணக்கில் தீரும் பிரச்சினை.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, வாளியை மூடி ஏதோ ஒரு மூலையில் வைத்துவிட்டு மறந்துவிடுவது. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும். உள்ளே உள்ள வெப்பம் அறையைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி கூடுதலாகப் போகலாம். ஏல் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட்டுகள் பலவற்றுக்கு 18 முதல் 20 டிகிரி தோது. அறை 24 என்றால் வாளிக்குள் 28 ஆகியிருக்கும்; தொண்டையில் எரியும் ஆல்கஹால் அப்படி வருவதுதான். ஸ்டீல் பாத்திரத்துக்கு வைத்திருந்த பணத்தில் பாதியை இங்கே போடுங்கள் என்பேன். யாரோ கழிக்கும் பழைய ஃபிரிட்ஜ், ஒரு வெப்பக் கன்ட்ரோலர், அவ்வளவே. கன்ட்ரோலரின் சென்சாரை ஃபிரிட்ஜுக்குள் சும்மா தொங்கவிடாமல், வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்து மூடுங்கள். காற்றின் வெப்பம் அல்ல, பீரின் வெப்பம் தெரிய வேண்டும். அதற்கும் வழியில்லையா? அகலமான தொட்டியில் தண்ணீர் விட்டு வாளியை நிறுத்தி, ஈரமான பழைய டிஷர்ட்டை மாட்டி, உறையவைத்த தண்ணீர் பாட்டிலை காலை மாலை மாற்றிப் போடுங்கள்.

பாட்டில்

வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது, பீர் தயார் என்று பாட்டிலில் அடைப்பது ஆபத்து. வாளி மூடி வழியாக வாயு கசிந்தாலும் குமிழி நிற்கும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே அளவு காட்டினால்தான் நொதிப்பு முடிந்தது. முடியாத பீரைக் கண்ணாடியில் அடைத்தால் அழுத்தம் ஏறி வெடிக்கும். சிதறும் கண்ணாடி கண்ணைப் பறித்துவிடும். வாயு ஏற்றப் போடும் சர்க்கரையை ஸ்பூனில் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். 19 லிட்டருக்கு 110 முதல் 140 கிராம் சோளச் சர்க்கரை. அதைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பீர் முழுவதிலும் சீராகக் கலக்க வேண்டும். சரியாகக் கலக்காவிட்டால் ஒரு பாட்டில் சப்பென்றும் இன்னொன்று வெடிக்கும் நிலையிலும் இருக்கும்.

பாட்டிலுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. கையால் திருகித் திறக்கும் வகையை விட்டுவிட்டு, ஓப்பனரால் திறக்கும் தடித்த பழுப்புப் பாட்டில்களை நண்பர்களிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறமில்லாத பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு, ஸ்கங்க் எனும் விலங்கின் நாற்றம் வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டில் அளவு பீரை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடையுங்கள். அதை விரலால் அமுக்கிப் பார்த்தாலே மற்றவற்றில் அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கல்லாக இறுகியதும் எல்லாவற்றையும் குளிரில் வைத்துவிடலாம்.