ஆவிக் குழாயின் கேட் வால்வை மீண்டும் பூட்டிய என் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்து ரப்பர் ஆலை ஒன்றில், பராமரிப்பு முடிந்து வந்த கேட் வால்வின் (தண்டைச் சுழற்றினால் ஏறி இறங்கும் ஆப்பு வடிவத் தகட்டால் ஆவியை அடைத்துத் திறப்பது) கைச்சக்கரம் இறுகியிருந்ததோடு, தண்டைச் சுற்றியுள்ள கிளாண்டு என்ற அடைப்புப் பகுதி வழியே ஆவியும் கசிந்ததால், குழாயை அடைத்து, அழுத்தத்தை இறக்கி, நன்றாக ஆறிய பிறகே அதைக் கழற்றினோம். கிளாண்டுக்குள் கசிவைத் தடுக்க இடும் பேக்கிங் கயிற்றை ஒரே நீளமாகச் சுருட்டித் திணித்திருந்தார்கள். கசிவுக்கு அதுவே காரணம். தண்டின் விட்டமுள்ள கம்பியில் புதிய கயிற்றைச் சுற்றி, 45 பாகைச் சாய்வில் தனித்தனி வளையங்களாக வெட்டி, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி 90 பாகை தள்ளித் தள்ளி, ஒவ்வொன்றாக அழுத்தி இட்டேன்.

பானெட்டை, அதாவது வால்வின் மேல்மூடியை, பூட்டும்போதுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். வால்வு முழுக்க மூடிய நிலையில் போல்ட்டுகளை முறுக்கினால், ஆப்பு தான் அமரும் இருக்கையின் மேல் அழுந்தித் தண்டு இறுகிவிடும். ஆகவே ஆப்பைச் சற்று உயர்த்தி, பானெட்டும் வால்வு உடலும் சேரும் முகங்களைச் சுரண்டித் துடைத்து, இடையில் கசிவைத் தடுக்கும் புதிய கேஸ்கெட்டை வைத்து, எதிரெதிர் போல்ட்டுகளைச் சுற்றுச் சுற்றாகச் சிறிது சிறிதாக முறுக்கினேன். துருப்பிடித்த, எண்ணெய் காணாத போல்ட் இழைகளில் (நம் மாவட்டத்து ஈரக்காற்றில் இப்படித் துருப்பிடிப்பது அடிக்கடி நேர்வது), முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சு காட்டும் அளவை நான் நம்புவதில்லை. ஆவியை மெல்லத் திறந்து சூடேற்றி, மறுபடி அடைத்து அழுத்தம் இறக்கிய பின், கிளாண்டு நட்டுகளை இருபுறமும் சமமாகக் கால் திருகு இறுக்கியதும் கசிவு நின்றது. சக்கரமும் ஒரு கையாலேயே சுழன்றது.